கரையில் நின்று வரையும் கப்பல்

(கிழக்குத் தாம்பரத்தில் ஓவியம் பழகுவோர் கூடிய மாலை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேலையூரில் என் வீட்டு மாடியில் எண்ணெய் வண்ணம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் நாள் ஒரு வேலை கொடுப்பேன். பென்சிலோ சாக்பீஸோ எது கையில் கிடைத்தாலும் சரி, கடலும் பாய்மரக் கப்பலும் வரைந்து காட்டுங்கள் என்பேன். பள்ளிப் பிள்ளையானாலும் பணி ஓய்வு பெற்ற பெரியவரானாலும் அநேகமாக ஒரே படத்தைத்தான் வரைவார்கள். நடுவில் பாதி முழுகிய சூரியன், அதன் எதிரே ஒரு கப்பல், ஓரத்தில் சாய்ந்த தென்னை. வண்ணம் கொடுத்தால் வானம் முழுக்க ஆரஞ்சு.

நாம் குடியிருக்கும் இடத்தை யோசியுங்கள். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி அக்கரை போனால் கடல். பட்டினப்பாக்கம் போங்கள், நீலாங்கரை போங்கள், கோவளம் போங்கள். எந்தக் கரையில் நின்றாலும் நம் முகம் கிழக்கு பார்த்துத்தான் இருக்கும். இந்தக் கடலில் சூரியன் ஒருநாளும் இறங்கியதில்லை. நம் முதுகுக்குப் பின்னால், பல்லாவரம் குன்றுகளுக்கும் வண்டலூருக்கும் அப்பால்தான் இறங்குகிறது. பிறந்ததிலிருந்து இந்தக் கடலைப் பார்த்தவர்கள், கண்ணால் காணாத ஒரு கடலை ஏன் வரைகிறார்கள்? காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் ஓட்டல் சுவரிலும் பார்த்த கடல் கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. என் முதல் எண்ணெய் வண்ணப் படமும் அதேதான். அதனால் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கை எப்படி மாறும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் கடலைப் பாய்மரக் கப்பல்களோடு எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படங்களில், பேர்பெற்ற ஒரு பழைய படத்திலிருந்து தொடங்குகிறேன். லண்டனில் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. அதன் இயக்குநர்கள் கூடும் மண்டபத்துச் சுவருக்காக 1730-களின் தொடக்கத்தில் ஆறு படங்கள் வரையச் சொன்னார்கள். கம்பெனிக்கு வேண்டிய ஆறு துறைகள்: புனித ஹெலினா தீவு, நன்னம்பிக்கை முனை, பம்பாய், தலச்சேரி, கல்கத்தாவின் வில்லியம் கோட்டை, நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. வரைந்தவர்கள் இருவர். நிலத்தையும் கட்டடங்களையும் ஜார்ஜ் லாம்பர்ட் வரைந்தார். அவர் நாடக மேடைக்குத் திரைச்சீலை வரைந்து பழகியவர். கப்பல்களையும் நீரையும் சாமுவேல் ஸ்காட் வரைந்தார். ஆறு படங்களுக்கும் சேர்த்து 94 பவுன் 10 ஷில்லிங் கூலி. அந்தப் படங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

இருவரில் ஒருவரும் இந்தியாவுக்கு வந்ததில்லை. யாரோ கொண்டுவந்த வரைபடங்களையும் சொல்லக் கேட்டதையும் வைத்து லாம்பர்ட் கோட்டையை எழுப்பினார். ஸ்காட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கம்பெனிக் கப்பல்கள் அவர் ஊர்த் தேம்ஸ் ஆற்றிலேயே நின்றன. கயிறு கயிறாக எண்ணி வரைய முடிந்தது. அந்தச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் படத்தின் அச்சுப் பிரதியை உற்றுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கப்பலைப் பார்த்தவர் வரைந்திருக்கிறார், கடலைப் பார்த்தவர் வரையவில்லை. அந்த நீர் எந்த ஊர் நீராகவும் இருக்கலாம். நம் கரையின் அலை அதில் இல்லை.

மெட்ராஸுக்குப் பேரே அந்த அலைதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டுத் திறந்த கடலில் ஆடிக்கொண்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர மசூலா படகு வேண்டும். ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். இரும்பு ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் சிதறிப்போயின. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், கப்பல்கள் இந்தத் துறையை விட்டே விலகிவிடும். 1746-இல் மெட்ராஸைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே அக்டோபரில் இங்கேயே தங்கிவிட்டார். ஒரே இரவுப் புயலில் கப்பல்களையும் ஆட்களையும் வாரிக்கொடுத்தார். இதை வரலாற்றுத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுத்த நவம்பர் வானத்தை வரைந்து, அதன் கீழே மெட்ராஸ் கோட்டைக்கு முன்னால் கம்பெனிக் கப்பல்கள் சாவகாசமாக நங்கூரமிட்டு நிற்பதாக வரைந்தால், எவ்வளவு அழகாக வந்தாலும் அந்தப் படம் பொய். அந்த வானத்தின் கீழ் அந்தக் கப்பல் நிற்காது.

வந்து பார்த்து வரைந்தவர்களும் உண்டு. 1802 முதல் 1807 வரை மெட்ராஸில் இருந்த ஜார்ஜ் சின்னரி இந்த அலைப்படகுகளையும் கட்டுமரங்களையும் குறிப்பேடு குறிப்பேடாக வரைந்தார். அவருக்கு முன்பே, 1790-களின் தொடக்கத்தில், தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இங்கே வந்து போனார்கள். ஊர் திரும்பி ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, 1833-இல், வில்லியம் டேனியல் மெட்ராஸ் கடலில் ஒரு திடீர்ப் புயல்காற்று கடந்து போகும் நேரத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். வாலிபத்தில் பார்த்த அலை அறுபது வயதைத் தாண்டியும் அவரை விடவில்லை. லாம்பர்ட்டையும் ஸ்காட்டையும் போலல்லாமல் இவருக்கு அந்த நீர் தெரியும்.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதைக் கண்டுகொள்ள எனக்கு இருபது ஆண்டு பிடித்தது. இவர்கள் கப்பலில் வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு வரைந்தவர்கள். பெரும்பாலும் கடலிலிருந்து கரையைப் பார்க்கிறார்கள். முன்னால் அலை, நடுவில் படகு, பின்னால் கோட்டை, கொடிமரம், வானம். மேற்கு பார்த்த முகம். அந்த முகத்துக்குக் கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்குவது நியாயமான காட்சி. ஐரோப்பாவின் கடல் ஓவிய மரபே பெரிதும் அப்படி வளர்ந்ததுதான். டச்சுக்காரர் வில்லெம் வான் டி வெல்டே, கடற்போர் நடக்கும்போது சிறு படகில் அதன் நடுவே போய் உட்கார்ந்து வரைந்தவர். அவரும் அவர் மகனுமாக 1672-73 குளிர்காலத்தில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். சாமுவேல் ஸ்காட் பார்த்துப் பழகியது அவர்கள் படங்களைத்தான். அந்த மரபின் கண் கப்பல் தளத்தில் நிற்கிறது.

நம் கண் மணலில் நிற்கிறது. வீட்டு ஆள் போன கப்பலைப் பார்க்கிற கண், வலையேற்றிப் போன கட்டுமரம் திரும்புகிறதா என்று பார்க்கிற கண். அந்தக் கண்ணுக்கு உண்டான ஒளியும் காற்றும் தனி. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

நம் பழைய ஓவியர்களும் கப்பல் வரைந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவரில் குதிரைகளை ஏற்றி வரும் ஒரு கப்பல். அங்கே தொடுவானக் கோடு கிடையாது, தூரத்தால் சிறுத்துப்போவது கிடையாது. குதிரை எத்தனை, ஆள் யார், பாய் எப்படி என்பதுதான் அந்த ஓவியருக்கு முக்கியம். எனக்கு அந்தச் சுவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் எண்ணெய் வண்ணத்தை அப்படிக் கையாள முடியாது. அது ஒளியைப் பிடிக்க உண்டான ஊடகம். எந்த நேரத்து ஒளி என்று அது கேட்கும், பதில் சொல்லாமல் ஒரு அடிகூட வைக்க முடியாது.

அதனால் ஒளியை எடுத்துக்கொள்வோம். கோவளம் கரையில் காலை ஆறரை மணி. சூரியன் எதிரே. டிசம்பரில் நேர்கிழக்குக்கு வலப்பக்கம் நன்றாக ஒதுங்கி எழும், ஜூனில் அதே அளவு இடப்பக்கம். கடலில் நிற்கிற எந்தப் பொருளின் ஒளிபட்ட பக்கமும் நமக்குத் தெரியாது, நிழல் பக்கம்தான் தெரியும். நீரில் தகடு தகடாக வெளிச்சம். இங்கே ஒரு விசித்திரம் நடக்கும். உடைகிற அலையின் நுரை வெள்ளையாக இருக்காது. பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் நுரை சாம்பல் நீலமாக, சுற்றியுள்ள பளபளப்பைவிட இருண்டு தெரியும். வெள்ளை டியூபைப் பிதுக்கி அப்படியே நுரை வைக்கிறவர்கள் காலை நேரத்தை அங்கேயே கொன்றுவிடுகிறார்கள். உடைவதற்கு ஒரு கணம் முன்னால் அலையின் நெற்றி மெலிந்து, வெளிச்சம் அதனூடே வரும். அந்த இடத்தில்தான் பச்சை. அதுவும் புத்தகத்துக் கண்ணாடிப் பச்சை இல்லை, நம் அலை மணலைச் சுமந்து வருவது. விரிடியனோடு கொஞ்சம் ரா சியன்னா சேர்த்தால்தான் அது நம் கடலாகும். மழைக்குப் பின் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் கரையோர நீர் பழுப்பாகவே இருக்கும். அதையும் கூச்சப்படாமல் வரைய வேண்டும்.

மாலை வேறு கதை. சூரியன் நம் முதுகில். கடல் முழுக்க முன்னொளி. வெள்ளைப் பாய் ஒன்று அப்போது வந்தால் அது அப்படி எரியும். சூரியன் மறைந்ததும் பெரும்பாலோர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். தயவுசெய்து பத்து நிமிடம் இருங்கள். கிழக்கே கடல்மேல் நீலம் கலந்த சாம்பல் பட்டை ஒன்று மெல்ல எழும். அதன்மேல் ரோஜா நிறப் பட்டை. அந்தச் சாம்பல் பட்டை இந்தப் பூமியின் நிழல். வளிமண்டலத்தில் விழுந்து மேலே ஏறுகிறது. பௌர்ணமியன்று அதே நேரத்தில் அதே இடத்திலிருந்து நிலா எழும். மேற்குக் கரைக்காரர்களுக்குச் சூரியன் கடலில் இறங்கும், நமக்கு நிலா கடலிலிருந்து ஏறும். இந்த வானத்தின் முன்னால் ஒரு பாய்மரம் நிற்பதாக யாராவது வரைந்திருக்கிறார்களா என்று எத்தனையோ கண்காட்சிகளில் தேடியிருக்கிறேன்.

இனி காற்று. கப்பல் படத்தில் நாம் உண்மையில் வரைவது காற்றைத்தான். பாய், கொடி, அலை, புகை, ஓடும் மேகம் எல்லாம் காற்றின் சாட்சிகள். சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசக் கூடாது. நான் அடிக்கடி திருத்துகிற தவறு ஒன்று உண்டு. பாய் முன்பக்கமாகப் புடைத்திருக்கும், மரத்தின் உச்சியில் கொடி பின்பக்கமாகப் பறக்கும். காரில் போகும்போது கொடி பின்னால்தானே பறக்கிறது என்ற நினைப்பு. கார் என்ஜினால் போகிறது. பாய்க்கப்பலைத் தள்ளுவது காற்று. பின்னாலிருந்து காற்று வந்து பாயைப் புடைக்கச் செய்தால் கொடியும் அதே காற்றில் முன்னால்தான் பறக்கும்.

நம் கரையில் காற்றுக்கு ஒரு நேர அட்டவணை இருக்கிறது. தாம்பரத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மே மாதம் மதியம் மின்விசிறி அனல் கக்கும்போது, கடற்காற்று இன்னும் வரவில்லையே என்று ஏங்குகிறவர்கள் நாம். கரையோரத்தில் நண்பகல்வாக்கில் தொடங்கும் அந்தக் காற்று இங்கே வந்து சேர இன்னும் நேரமாகும். மேல்காற்று பலமாக அடிக்கும் நாளில் வராமலே போகும். நுங்கம்பாக்கத்து வெயிலையும் மீனம்பாக்கத்து வெயிலையும் தனித்தனியாகச் செய்தியில் சொல்கிறார்களே, அந்த வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம். இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திரும்பி, கரையிலிருந்து கடலுக்கு வீசும். விடியும்வரை அது இருக்கும்.

கட்டுமரக்காரர்கள் வாழ்ந்ததே இந்த அட்டவணையில்தான். விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துக் கிழக்கே போவார்கள். மதியம் கடற்காற்றைப் பிடித்து மேற்கே திரும்புவார்கள். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் மரம் போகிறது, பாய் நம்மை விட்டு விலகிக் கடல் பக்கம் புடைத்திருக்கிறது, சூரியன் அதன் பின்னால். அந்தப் பாய் வெள்ளையாக இருக்க முடியாது. வெளிச்சம் துணி வழியே ஊறி வரும், மஞ்சள் ஓக்கரும் துளி பர்ன்ட் சியன்னாவும் கலந்த நிறத்தில். மூங்கில் மறைக்கும் இடமும் தையல் மடிப்பும் இருண்டு தெரியும். மதியம் அதே மரம் திரும்புகிறது, பாய் நம் பக்கம் புடைத்து வருகிறது, வெளிச்சம் உச்சியிலிருந்து விழுகிறது, பாயின் அடிப்பாதி நிழல், அந்த நிழலில் நீரின் நீலம் கொஞ்சம் ஏறியிருக்கும். நேரம், காற்று, ஒளி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றைப் பொய்யாக வைத்தால் மற்ற இரண்டும் குலைந்துபோகும்.

கோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடுவானம் எப்போதும் நம் கண் உயரத்தில் இருக்கும். மணல்மேட்டில் நிற்கிறீர்கள், உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரம் என்று வையுங்கள். தொடுவானம் ஏழு கிலோமீட்டர் சுற்றில் இருக்கும். கரைக்கு அருகில் நிற்கிற கப்பலானால், தொடுவானக் கோடு அதன் உடலை ஏறக்குறைய அதே நான்கு மீட்டர் உயரத்தில் வெட்டும், கப்பல் தொலைவு போகப்போக அந்த வெட்டு நீர்மட்டத்தை நோக்கி இறங்கும். மரங்களும் பாய்களும் வானத்தில் நிற்கும். அருகே போகும் கட்டுமரத்தில் நிற்கிற ஆளின் தலையோ கோட்டுக்குக் கீழே, நீருக்குள்ளேயே இருக்கும், பாயின் நுனி மட்டும் வானத்தைத் தொடும். ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் போன கப்பலின் அடிப்பகுதி கோட்டுக்குப் பின்னால் மறையத் தொடங்கும். இதைப் புரிந்துகொண்டவர் கப்பலை நீரில் மிதக்க வைப்பார். புரியாதவர் படத்தில் கப்பல் ஒட்டுத்தாள் மாதிரி ஒட்டியிருக்கும்.

எண்ணெய் வேலையைப் பற்றி இந்த ஊருக்குரியதை மட்டும் சொல்கிறேன். லின்சீட் ஆயில் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. அதனால் கீழ்ப்பூச்சில் டர்பன்டைன் கலந்து மெலிதாக வையுங்கள், மேலே போகப்போக எண்ணெய் கூடட்டும். தலைகீழாகச் செய்தால், மேல்பூச்சு முதலில் இறுகி, கீழ்ப்பூச்சு பிறகு அசைந்து, படம் வெடிக்கும். நம் மழைக்காலத்து ஈரத்தில் காய்வது இன்னும் தாமதமாகும், கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு சுவராகச் சாத்தி வைக்காதீர்கள். ஒரு நவம்பரில் கேட்டவர்களின் அவசரத்துக்கு இணங்கி, முழுதாகக் காயாத கடல் படத்துக்கு வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டிய படம். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் வானம் முழுக்கச் சிலந்தி வலை போல் வெடிப்பு. அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அதைத் திரும்ப வாங்கிவந்து வேறு வரைந்து கொடுத்தேன்.

வானத்தை முதலில் முடியுங்கள், தொலைவு நீர் அடுத்து, கப்பலின் உடல், பிறகு பாய். கயிறுகள் கடைசி. நீளமாய் மெலிந்த மயிருள்ள ஒரு பிரஷைக் கடையில் ரிக்கர் என்று கேட்டு வாங்குகிறோம். கப்பலின் கயிறுகளை ஆங்கிலத்தில் ரிக்கிங் என்பார்கள், அவற்றை வரையவே உண்டானதால் அந்தப் பெயர். வண்ணத்தை மை போல் இளக்கி, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து ஒரே இழுப்பு. எல்லாக் கயிற்றையும் வரைய வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே வரும் கயிறு நடுவில் கரைந்து காணாமல் போகும், அங்கே கோடு போடாமல் விட்டுவிடுங்கள். பார்க்கிறவர் கண் அதை முடித்துக்கொள்ளும்.

அந்தக் கயிறுகளுக்குத் தமிழில் பெயர் உண்டு என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் மூலையைப் பிடித்து இழுக்கும் கயிறு தாமான். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். வங்கம், நாவாய், திமில், அம்பி, தோணி என்று சங்க நூல்களில் கலங்களின் பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. பேர் தெரிந்த பொருளைக் கை கவனமாக வரையும், இது என் அனுபவம். ஆஞ்சான் என்று தெரிந்த பிறகு அந்தக் கயிற்றை நான் பாய்மரத்தின் நடுவில் எங்கோ கட்டிவிடுவதில்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிக் கேட்பீர்கள். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், பாத்திக் துணிகளைச் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி 1966-இல் தொடங்கிய குடியிருப்பு. கடற்கரை மணலிலேயே வீடு கட்டினார்கள். ஆனாலும் அவர்கள் தேடிப்போனது கடல் காட்சி அல்ல. எழுத்து, குறியீடு, கோடு, உலோகம் என்று தமக்கான மொழி ஒன்றைக் கண்டார்கள். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கி, பின்னாளில் அந்தக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் வழியே வந்த வெள்ளைக்காரக் கண்ணை உதற அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வாசலில் இருந்த கடலைக் கண்ணுக்குத் தெரிந்தபடி வரைவது பழைய பாணி என்று அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒதுக்கினார்களே, அதில் எனக்கு வருத்தம் உண்டு. கப்பல் தளத்துக் கண்ணை விட்டோம், சரி. மணல் கண்ணால் யாரும் வரைந்து தீர்த்துவிடவில்லையே.

இன்று அந்தக் கரையில் பாய் இல்லை. ஃபைபர் படகும் வெளியே மாட்டும் என்ஜினும் வந்தன, 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் மிகவும் குறைந்தன. ஆகவே பாய் வரைய ஆசைப்படுகிறவர் பாய் கட்டியவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். அவர்களில் பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

நான் போனேன். கோவளத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என் படத்தைக் காட்டினேன். காலைக் காட்சி, கரைக்காற்றில் மூன்று மரங்கள் போவது. நான் பெருமையாக நினைத்த படம். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வெளிச்சம் சரியா கீதும்மா. இந்நேரத்துக்கு அப்படித்தான் இருக்கும். ஆனா பாயி தப்பு."

"எங்கே தப்பு ஐயா?"

"கரைக்காத்துல போறான்னுதானே போட்டிருக்கே? காத்து பின்னால. அப்போ கயித்த எதுக்கு இப்படி இழுத்துக் கட்டி வெச்சிருக்கான்? தளர வுடணும். தளர வுட்டாத்தான் பாயி நல்லா தொறந்து காத்த வாங்கும்."

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு முனைகளைப் பக்கத்தில் கிடந்த துடுப்பில் முடிந்தார். மூன்றாவது முனையில் வலைக்கயிறு ஒன்றைக் கட்டி என் கையில் கொடுத்தார். எழுந்து காற்றுக்கு முதுகைக் காட்டித் துடுப்பை நிமிர்த்திப் பிடித்தார். "இழு" என்றார். இழுத்தேன். துண்டு விறைத்துத் தட்டையாகிப் படபடவென்று அடித்தது. "வுடு, இன்னும் வுடு" என்றார். விரல்களுக்கிடையே கயிறு நழுவ நழுவத் துண்டு அகலத் திறந்து, வயிறு போட்டு, அசையாமல் நின்றது. கயிற்றின் வழியே அந்த இழுவை என் உள்ளங்கையில் தெரிந்தது. தாமான் என்று நான் அகராதியில் படித்திருந்தது அதுதான்.

அந்தப் படம்தான் இந்த மேசைமேல் இடக்கோடியில் இருப்பது. மூன்று பாய்களையும் பேலட் கத்தியால் சுரண்டிவிட்டுத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். நடுப்பாய் நேற்று இரவு வைத்தது, இன்னும் காயவில்லை. பக்கத்தில் வந்து பாருங்கள், தொட வேண்டாம்.